பணம் கட்டும் பக்கத்தில் திரும்பிப் போகிறவர்கள்: எங்கள் சரக்கை விற்கும் இணையக் கடை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

கூடையில் சரக்கை எடுத்துப் போட்டவர்கள் பணம் கட்டாமலே போய்விடுகிறார்கள், அதற்குக் காரணம் விலைதான், ஆகவே எல்லாச் சரக்குக்கும் இன்னும் 10 விழுக்காடு தள்ளுபடி கொடுங்கள் என்று எங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். சென்னிமலை பெட்ஷீட், பவானி ஜமக்காளம், ஈரோட்டுத் துண்டு, திருப்பூர் பனியன் என்று உங்கள் தளத்துக்குச் சரக்கு அனுப்பும் நாங்கள் இதை ஏற்க முடியாது.

ஒரு பெட்ஷீட்டின் விலை படத்துக்குக் கீழேயே இருக்கிறது. விலை கட்டுப்படியாகாதவர் அங்கேயே அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார். கூடையில் போட்டு, பெயர் எழுதி, முகவரி எழுதி, பணம் கட்டும் பக்கம் வரைக்கும் வந்தவர் எங்கள் விலைக்கு ஒப்புக்கொண்டவர். அந்தப் பக்கத்தில் அவர் எதையோ பார்த்துத் தயங்குகிறார், அல்லது பார்க்க வேண்டியது அங்கே இல்லாமல் தயங்குகிறார். அந்தப் பக்கத்தை வடிவமைத்தவர்கள் நீங்கள். அதற்கான விலையை நெசவுக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்வது நியாயமில்லை.

கூடையை விட்டுப் போவது உலகம் முழுக்க உள்ளதுதான். பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம் பல கணக்கெடுப்புகளைத் தொகுத்துப் போட்ட சராசரி 70 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. சும்மா பார்த்து வைப்போம் என்று போடுகிறவர்களும் அதில் உண்டு. அவர்களைக் கழித்துவிட்டு அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் காரணம் கேட்டபோது முதலிடத்தில் வந்தது பொருளின் விலை அல்ல. அனுப்பும் செலவு, வரி, கட்டணம் என்று கடைசியில் வந்து சேரும் கூடுதல் தொகைகள். கட்டாயமாகக் கணக்குத் தொடங்கச் சொல்வது, கார்டு விவரம் கொடுக்க நம்பிக்கை வராதது ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஊர் வேறாக இருந்தாலும், எங்கள் ஆர்டர் போனுக்கு வருகிற கேள்விகளும் இவைதான்.

முதல் கேள்வி எப்போதும் இது: "ஏனுங்க, இந்த ரேட்டு கூரியர் கூலியோட சேத்துங்களா?" உங்கள் தளத்தில் இதற்கு விடை நான்காவது பக்கத்தில் இருக்கிறது. 850 ரூபாய் என்று போட்ட பெட்ஷீட், கூடையிலும் 850, முகவரிப் பக்கத்திலும் 850. பணம் கட்டும் பக்கத்தில் டெலிவரி 120, பேக்கிங் பாதுகாப்பு 29, தளக் கட்டணம் 15 சேர்ந்து 1,014 ஆகிறது. 164 ரூபாய் பெரிய தொகை என்பதால் மட்டும் அவர் போவதில்லை. இதுவரைக்கும் சொல்லாததை இப்போது சொல்கிறார்களே, இன்னும் என்ன பாக்கி இருக்கிறதோ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதே 1,014 முதல் பக்கத்திலேயே தெரிந்திருந்தால் வேண்டும் என்கிறவர் தெரிந்தே வாங்கியிருப்பார்.

இது வியாபார நயத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டி, டெலிவரிக் கட்டணம், வரி உள்ளிட்டவற்றைப் பிரித்தும் காட்ட வேண்டும் என்று 2020-ன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. வாடிக்கையாளர் சம்மதத்தை முன்கூட்டியே டிக் அடித்த கட்டத்தின் மூலம் பெறக் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. உங்கள் "பேக்கிங் பாதுகாப்பு" 29 ரூபாய் முன்கூட்டியே டிக் அடிக்கப்பட்டுத்தான் வருகிறது. 2023 நவம்பர் 30-ல் அறிவிக்கப்பட்ட ஏமாற்று வடிவமைப்புத் தடுப்பு வழிகாட்டுதல்கள் 13 வகைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுவது, கேட்காத பொருளைக் கூடைக்குள் நுழைப்பது, இல்லாத அவசரத்தை உண்டாக்குவது மூன்றும் அதில் உண்டு. பக்கத்தின் மேலே ஓடுகிறதே பத்து நிமிடக் கடிகாரம், அது மூன்றாவது வகை. தறியில் இருக்கிற சரக்கு பத்து நிமிடத்தில் தீர்ந்துபோவதில்லை. கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்ததும் கூடை காலியாவதால், கார்டை எடுத்து வர எழுந்து போனவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் ஆரம்பிப்பதில்லை.

டெலிவரிக் கட்டணத்தை முன்னாலேயே சொல்ல முடியாது, பின்கோடு தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும் என்பது உங்கள் பதில். அப்படியென்றால் பின்கோட்டைப் பொருள் பக்கத்திலேயே கேளுங்கள். ஆறு இலக்கம். போட்டவுடனே கட்டணமும் வந்து சேரும் தேதியும் தெரிய வேண்டும். முகவரிப் பக்கத்தில் மாவட்டமும் மாநிலமும் அதை வைத்தே தானாக நிரம்பிவிடும்.

கட்டணத்தைக் குறைப்பதில் எங்கள் பங்கும் இருக்கிறது, அதைச் செய்யத் தயாராகவும் இருக்கிறோம். பெரும்பாலான கூரியர்கள் நிறுத்த எடை, பருமன் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில் போடுகிறார்கள். பருமன் எடை என்பது நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது. 3 கிலோ ஜமக்காளம் ஒன்றைத் தளர்வாக மடித்துப் பெட்டியில் வைத்தால் 45, 35, 16 என்று அளவு வரும். பெருக்கினால் 25,200, வகுத்தால் 5 கிலோவுக்குச் சற்று மேல். அதையே பெட்டி இல்லாமல் அமுக்கி, கயிறு போட்டு இறுக்கி, தடித்த பாலித்தீன் உறையில் போட்டு உயரத்தை 9 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 2.8 கிலோதான், பிறகு 3 கிலோவுக்கு மட்டுமே பில். ஒரே ஜமக்காளத்துக்கு 2 கிலோவின் கூலி மிச்சம். ஒவ்வொரு சரக்குக்கும் கட்டிய பிறகுள்ள அளவை நாங்கள் அளந்து தருகிறோம். நீங்கள் எல்லா ஜமக்காளத்துக்கும் 5 கிலோ என்று குத்துமதிப்பாகப் போட்டு வைத்திருப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து, பணம் கட்டும் நேரம். எங்களுக்கு அதிகம் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் வாங்க முடிவு செய்துவிட்டவர்களையும் இங்கே இழக்கிறோம்.

ஒரு சாதாரண போனில் நடப்பதைப் பாருங்கள். வாடிக்கையாளர் யு.பி.ஐ.யைத் தேர்ந்தெடுக்கிறார். கூகுள் பேயோ போன்பேயோ திறக்கிறது. அங்கே பெறுபவர் பெயர் என்ற இடத்தில் கடையின் பெயர் இல்லை. உங்கள் கம்பெனி வங்கியில் பதிவு செய்திருக்கிற வேறொரு பெயர், கடைசியில் 'பிரைவேட் லிமிடெட்' என்று. அவர் ஜமக்காளம் வாங்க வந்தவர். அந்தப் பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. தெரியாத பெயருக்குப் பணம் போடாதீர்கள் என்று வங்கியும் போலீசும் அவருக்கு ஓயாமல் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவர் பின்னால் போகும் பொத்தானை அழுத்துகிறார். எச்சரிக்கையாக இருக்கிறவர் செய்ய வேண்டியதைத்தான் செய்கிறார். இதைத் தீர்க்க ஒரு வரி போதும், பணம் கட்டும் பொத்தானுக்கு நேர் மேலே: "உங்கள் யு.பி.ஐ. செயலியில் இந்தப் பெயர் வரும். அது நம் கடையின் பதிவுப் பெயர்தான்." அந்தப் பெயரை அப்படியே, எழுத்து மாறாமல் காட்டுங்கள்.

தைரியமாகப் பின் நம்பர் போட்டவருக்கு அடுத்த சிக்கல். நினைவகம் குறைந்த போனில் யு.பி.ஐ. செயலி திறந்ததும் பின்னால் இருந்த உங்கள் பக்கத்தைப் போன் மூடிவிடுகிறது. திரும்பி வரும்போது பக்கம் புதிதாகத் திறந்து, 'உங்கள் கூடை காலியாக உள்ளது' என்கிறது. கணக்கில் பணம் எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு எங்களுக்குத்தான் போன் வருகிறது: "பணம் எடுத்துட்டாங்க, ஆர்டர் நம்பரே வரலீங்க. வராட்டி யாருகிட்டங்க கேக்கறது?" அப்படிப் பட்டவர் மறுபடி வர மாட்டார். அவரிடம் கேட்டவர்களும் வர மாட்டார்கள்.

இது தொழில்நுட்பத்தில் தீராத விஷயமல்ல. பணம் கட்டப் போகும் முன்பே ஆர்டர் எண்ணை உண்டாக்கி, 'பணம் வரவேண்டியுள்ளது' என்ற நிலையில் சேமித்துவைக்க வேண்டும். இப்போது வாடிக்கையாளர் பக்கத்துக்குத் திரும்பி வந்தால் மட்டும்தான் ஆர்டர் பதிவாகிறது, தவறு அங்கேதான். பணம் வந்ததா என்பதைப் பேமென்ட் கேட்வே, அதாவது வாடிக்கையாளரிடம் பணத்தை வாங்கி உங்களிடம் சேர்க்கும் சேவை, உங்கள் சர்வருக்கு நேரடியாகச் சொல்லும் வசதி இருக்கிறது. அதை வைத்து ஆர்டரை உறுதிசெய்யுங்கள். திரும்பி வருகிறவருக்கு, 'பணம் வந்ததா என்று பார்க்கிறோம், இரண்டாம் முறை கட்ட வேண்டாம்' என்று காட்டுங்கள். அவர் பதற்றத்தில் மறுபடி அழுத்தினாலும் அதே ஆர்டர் எண்ணில் இரண்டாவது தொகை ஏறாதபடி தடுங்கள். பணம் சேர்ந்ததும் எஸ்.எம்.எஸ். போகட்டும்.

சேராமல் போனால் என்ன ஆகும் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். பணம் கழிந்தும் கடைக்கு உறுதி வராத யு.பி.ஐ., இணையக் கார்டு பரிவர்த்தனைகளில், நடந்த நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும்; தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2019 செப்டம்பர் 20-ல் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை இது. பணம் எங்கேயும் போய்விடாது என்று சொல்ல இவ்வளவு உறுதியான ஆதாரம் இருக்கும்போது அதை ஏன் ஒளித்துவைக்க வேண்டும்?

பூட்டுப் படமும், '100% பாதுகாப்பானது' என்ற பச்சை முத்திரையும், ஏழெட்டுக் கார்டு கம்பெனிகளின் சின்னங்களும் பக்கத்தின் அடியில் வரிசையாக இருக்கின்றன. அவற்றை யார் வேண்டுமானாலும் போடலாம். போலிக் கடைகளும் போடுகின்றன. பூட்டு என்பது போனுக்கும் தளத்துக்கும் நடுவே தகவல் மறைக்கப்பட்டுப் போகிறது என்பதற்கு மட்டும்தான் அடையாளம். கடை நேர்மையானதா என்று அது சொல்லாது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் உலாவியே 2023-ல் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டை எடுத்தது. முத்திரைகளுக்குப் பதிலாக உண்மையை எழுதுங்கள்: "உங்கள் கார்டு எண்ணை நாங்கள் சேமிப்பதில்லை." 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் கார்டு எண்ணைச் சேமிக்கவே கூடாது, அதற்குப் பதிலாக வரும் டோக்கன் என்ற மாற்றுக் குறியீடு மட்டும்தான். சட்டப்படி நீங்கள் செய்துகொண்டிருப்பதையே சொல்வதற்கு ஏன் தயக்கம்?

கேஷ் ஆன் டெலிவரியை ஒரே நாளில் எடுத்துவிட்டீர்கள். உங்கள் சிரமம் புரிகிறது. வாங்காமல் திருப்பி அனுப்பப்படும் பார்சலுக்குப் போக வரக் கூலி உங்கள் தலையில் விழுகிறது. அழுக்குப் பட்டும் மடிப்புக் கலைந்தும் வரும் சரக்கை மறுபடி இஸ்திரி போட்டு மடிக்கிற வேலை எங்கள் தலையில். இருந்தாலும் முதல் முறை வாங்குகிறவர், அதிலும் நகரத்தை விட்டுத் தள்ளி இருக்கிறவர், சரக்கைப் பார்க்காமல் முழுப் பணத்தையும் நீட்ட மாட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கூரியர் கூலியை மட்டும் முன்பணமாக யு.பி.ஐ.யில் வாங்கிக்கொண்டு, மீதியை வீட்டு வாசலில் வாங்குங்கள். கூலியைக் கட்டியவர் சும்மா ஆர்டர் போடுகிறவராக இருப்பது குறைவு. திருப்பி அனுப்பினாலும் போன வழிக் கூலியாவது கையில் இருக்கும். 2,000 ரூபாய் வரைக்கும் என்று வரம்பு வையுங்கள். அனுப்பும் முன் ஒரு போன் அடித்து உறுதிசெய்கிற வேலையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

வாங்கும் முன்பே கணக்குத் தொடங்கி, ஓ.டி.பி. போட்டு, மின்னஞ்சலையும் உறுதிசெய்தால்தான் உள்ளே விடுவது என்பதும் புதிதாக வந்தது. எங்கள் வாடிக்கையாளர் பலரிடம் மின்னஞ்சல் பேரன் பேத்தியின் போனில் இருக்கிறது. பார்சல் போய்ச் சேர பெயர், செல் நம்பர், முகவரி போதும். கணக்கு வேண்டுமா என்று ஆர்டர் முடிந்த பிறகு கேளுங்கள்.

முகவரிப் படிவம் நகரத்துக்காகச் செய்தது. கதவு எண் கட்டாயம் என்கிறது. தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், குடியிருப்பவரின் முகவரி கதவு எண், தெருப் பெயர் என்று வருவதில்லை. ஊர்ப் பெயர், தோட்டத்துப் பெயர், பக்கத்தில் உள்ள கோயிலோ பால் சொசைட்டியோ, அதுதான் முகவரி. கூரியர்காரர் அதை வைத்துத்தான் வண்டியைத் திருப்புகிறார். 'அடையாளம்' என்று ஒரு கட்டத்தைக் கொடுத்து, கதவு எண்ணை விருப்பமாக்குங்கள். செல் நம்பருக்கு முன்னால் 0 அல்லது +91 போட்டாலோ, நடுவில் இடம் விட்டாலோ தளமே அதைச் சரிசெய்துகொள்ளலாம். இப்போது 'தவறான உள்ளீடு' என்று ஆங்கிலத்தில் சிவப்பாகக் காட்டி, எழுதியது அத்தனையையும் அழித்துவிடுகிறது. எந்தக் கட்டத்தில் என்ன தவறு என்று அதன் கீழேயே தமிழில் சொல்லுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். முழுத் தளத்தையும் தமிழாக்க நாளாகும் என்றால் பணம் கட்டும் பக்கத்தையும் பிழைச் செய்திகளையும் மட்டும் முதலில் தமிழில் கொடுங்கள்.

சரக்கைப் பற்றிய சந்தேகமும் கடைசிப் பக்கத்தில்தான் எழுகிறது. கடையில் என்றால் துணியைத் தடவிப் பார்ப்பார், விரித்துப் பார்ப்பார், "சாயம் போகுங்களா?" என்று கேட்பார். தளத்தில் ரிட்டர்ன் விதி அடியில் ஒரு சின்ன இணைப்பு. திறந்தால் வேறு பக்கம், வக்கீல் மொழி, நீளமாக. பொத்தானுக்குப் பக்கத்தில் மூன்று வரி போதும். எத்தனை நாளுக்குள் திருப்பலாம், திருப்பும் கூலி யாருடையது, பணம் எத்தனை நாளில் எந்தக் கணக்குக்கு வரும். கைத்தறிச் சரக்குக்கு நாலாவது ஒன்று: அளவு ஓர் அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம், அடர்ந்த நிறங்களை முதல் இரண்டு மூன்று முறை தனியாக அலச வேண்டும். இதை மறைத்து விற்றால் ரிட்டர்னாக வருகிறது. சொல்லி விற்றால் கைத்தறி என்றால் அப்படித்தான் என்று வாங்குகிறார்கள்.

'3 முதல் 7 வேலை நாட்கள்' என்பதற்குப் பதிலாகத் தேதி சொல்லுங்கள். முகூர்த்தத்துக்கும் தீபாவளிக்கும் வாங்குகிறவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு வாங்குகிறார். மதியம் 2 மணிக்கு முன் வந்த ஆர்டரை அன்றைக்கே கட்டி அனுப்ப எங்களால் முடியும், ஞாயிறு தவிர. அதை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு நாள் தள்ளியே காட்டுங்கள். சொன்ன நாளுக்கு முன்னால் வந்தால் யாரும் குறை சொல்வதில்லை.

தள்ளுபடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடையை விட்டுப் போனவருக்கு மறுநாள் 10 விழுக்காடு கூப்பன் அனுப்பும் உங்கள் திட்டம் முழு விலை கொடுக்க இருந்தவரையும் காத்திருக்கப் பழக்கும். பணம் கட்டும் பக்கத்தில் 'கூப்பன் உள்ளதா?' என்று பெரிதாக ஒரு காலிக் கட்டம் இருப்பதே போதும், இல்லாதவர் எங்கேயாவது கிடைக்குமா என்று தேட வெளியே போகிறார், போனவர் திரும்புவதில்லை. நினைவூட்ட வேண்டுமானால், சம்மதம் கொடுத்தவருக்கு ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். அவருடைய கூடைக்கே போகும் இணைப்பும், 'ஏதாவது சந்தேகமா, கூப்பிடுங்கள்' என்று ஒரு நம்பரும் அதில் இருக்கட்டும்.

அந்த நம்பரைத்தான் தளத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். பதில் சொல்லும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதற்கு 'கூரியர் கூலி' என்றால் புரியவில்லை. குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பதும் 2020 விதிகளில் உள்ளது. அதைச் சட்டத்துக்காக ஒரு மூலையில் போடாமல் பணம் கட்டும் பக்கத்திலேயே போட்டால், வராவிட்டால் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு அதுவே பதில்.

ஆகவே நாங்கள் கேட்பது:

10 விழுக்காடு தள்ளுபடிச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். எங்கள் சம்மதமில்லாமல் எந்தச் சரக்கின் விலையையும் தளத்தில் குறைக்காதீர்கள்.

15 நாட்களுக்குள், முன்கூட்டியே டிக் அடித்த 29 ரூபாயையும் பத்து நிமிடக் கடிகாரத்தையும் எடுங்கள், பொருள் பக்கத்திலேயே பின்கோடு வாங்கி முழுத் தொகையைக் காட்டுங்கள், யு.பி.ஐ. பெயரைச் சொல்லும் வரியையும் ரிட்டர்ன் வரிகளையும் பொத்தானுக்குப் பக்கத்தில் வையுங்கள்; போன் நம்பரையும் குறைதீர்ப்பு அலுவலர் விவரத்தையும் திரும்பக் கொண்டுவாருங்கள். இவற்றுக்குப் பெரிய மென்பொருள் வேலை எதுவும் இல்லை.

இரண்டு மாதத்துக்குள், பணம் போகும் முன்பே ஆர்டர் எண் உண்டாகும்படி மாற்றுங்கள். கணக்கில்லாமல் வாங்கும் வழியையும், கூலி மட்டும் முன்பணம் என்ற முறையையும், தமிழ்ப் பிழைச் செய்திகளையும் கொண்டுவாருங்கள். இதுவரை பணம் கழிந்து ஆர்டர் பதிவாகாதவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் பணம் திரும்பியதா என்று பார்த்து எங்களுக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

கூடையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்ற ஒற்றை எண்ணைத்தான் இதுவரை எங்களுக்குக் காட்டியிருக்கிறீர்கள். எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் நின்றார்கள் என்று பக்கம் பக்கமாகப் பிரித்த கணக்கை மாதாமாதம் கொடுங்கள். மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, செய்யும் முன்பும் பின்பும் உள்ள கணக்கைச் சேர்த்தே பார்ப்போம். விலைதான் காரணம் என்று அந்தக் கணக்கு காட்டினால் விலையைப் பற்றி உட்கார்ந்து பேசத் தயார்.

பக்கத்தை வடிவமைப்பவர்களில் ஒருவரை ஒரு வாரம் சென்னிமலைக்கு அனுப்புங்கள். ஆர்டர் போன் காலை ஒன்பதரைக்கு அடிக்க ஆரம்பிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

இப்படிக்கு,
சென்னிமலை, பவானி, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து உங்கள் தளத்துக்குச் சரக்கு அனுப்புவோரும் ஆர்டர் பார்ப்போரும்